நாளைய முட்டை விலை

நாமக்கல் பக்கம் வேலை பார்க்கிற எல்லோருடைய கைப்பேசிக்கும் தினமும் இரண்டு செய்திகள் தவறாமல் வந்துவிடும். ஒன்று, ரோஜாப்பூ படம் போட்ட காலை வணக்கம். இன்னொன்று முட்டை விலை. ரோஜாப்பூவைப் பார்க்காமலே அழித்துவிடுவேன். முட்டை விலையை அழிப்பதில்லை. எனக்குக் கோழிப்பண்ணை எதுவும் கிடையாது. சேலம் சூரமங்கலத்தில் மாடி வீட்டில் குடியிருக்கிறேன், பால்கனியில் இருக்கும் துளசிச் செடிதான் என் விவசாயம். இருந்தாலும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் "இன்னிக்கு என்னங்க வெல?" என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாதவன், நான் பொருளியல் பேராசிரியர் என்று இந்தப் பக்கத்தில் சொல்லிக்கொள்ள முடியாது.

ராசிபுரம் தாண்டி நாமக்கல் போகும் சாலையில் ஒரு கலைக் கல்லூரியில் பொருளியல் துறைத் தலைவராக இருக்கிறேன். நான் சாக்பீஸ் ஆள். கரும்பலகையில் ஒரு கோடு இழுத்து, அதன் மேல் இன்னொரு கோடு இழுத்து, "இதுதான் தேவை, இதுதான் அளிப்பு" என்று சொல்லிவிட்டுக் கையைத் தட்டினால் பறக்குமே ஒரு தூசி, அதில்தான் எனக்குப் படிப்பே இருந்தது. கைப்பேசியில் வரும் எதையும் யாருக்கும் நான் அனுப்பியதில்லை. வந்ததை அனுப்புவது தபால்காரர் வேலை, அவருக்கு அதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்று வீட்டில் சண்டை போட்டிருக்கிறேன்.

என் துறையில் புள்ளியியல் தாள் நடத்தும் அம்மையாருக்கு நாற்பது வயது இருக்கும். ராசிபுரத்து நெசவுக் குடும்பம். முனைவர் பட்டம் வாங்கியவர். ஆனாலும் ஆண்டுக்கு ஆண்டு ஒப்பந்தம்தான். ஒவ்வொரு ஏப்ரலிலும் அடுத்த ஆண்டு உண்டா இல்லையா என்று தெரியாமல் விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பார். அவர் அதைப் பற்றிப் புலம்பி நான் கேட்டதில்லை. அவருக்கும் சேர்த்து நான் புலம்பிவிடுவேன்.

புள்ளியியல் என்றால் எங்கள் மாணவர்களுக்கு வேப்பங்காய். பாதிப் பேர் விடியற்காலையில் பண்ணையில் முட்டை பொறுக்கி அட்டையில் அடுக்கிவிட்டு, குளித்தும் குளிக்காமலும் பஸ் பிடித்து வருகிறவர்கள். சராசரி, திட்ட விலக்கம் என்று ஆரம்பித்தால் மதியத்துக்குள் தலை மேசையில் இருக்கும். அந்தத் தலைகள் முட்டை விலை என்ற சொல்லுக்கு மட்டும் நிமிர்வதை அவர் ஒரு நாள் கவனித்திருக்கிறார். மறுநாளே வகுப்புக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கிவிட்டார்.

குழுவுக்கு அவர் வைத்த சட்டம் கடுமையானது. காலை வணக்கம் கூடாது. சாமி படம் கூடாது. தினமும் சாயங்காலம் ஒவ்வொருவரும் நாளைய முட்டை விலை ஏறுமா, இறங்குமா, நிற்குமா என்று எழுத வேண்டும். கூடவே காரணமும் எழுத வேண்டும். காரணம் இல்லாத கணிப்புக்கு மதிப்பெண் கிடையாது, அது பலித்தாலும் சரி. காரணம் சரியாக இருந்தால் கணிப்பு பொய்த்தாலும் மதிப்பெண் உண்டு.

"கிளி ஜோசியம்னு ஒரு தாள் இருந்தா அதையும் உங்களுக்கே ஒதுக்கிடறேம்மா" என்று கிண்டல் செய்தேன்.

"கிளி காரணம் சொல்லாதுங்க சார்" என்றார்.

நானும் அந்தக் குழுவில் இருந்தேன். துறைத் தலைவர் என்ற மரியாதைக்குச் சேர்த்திருந்தார்கள். முதலில் வேண்டாவெறுப்பாகத்தான் பார்த்தேன். பிறகு சாயங்கால பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அதைத்தான் திறப்பேன். புரட்டாசி பிறந்துவிட்டது, ஊரே சைவம், அதனால் விலை இறங்கும் என்று ஒருவன் எழுதுவான். இறங்காது சார், கேரளாவுக்குப் போகும் லோடுக்குப் புரட்டாசி தெரியாது என்று அடுத்தவள் மறுப்பாள். வெயிலில் கோழி செத்தது, மக்காச்சோளம் விலை ஏறியது, வடக்கே குளிர் ஆரம்பித்துவிட்டது என்று காரணங்கள் வந்துகொண்டே இருக்கும். என் வகுப்பில் வாயைத் திறக்காத பையன்கள் அங்கே வரிந்து கட்டிக்கொண்டு வாதாடினார்கள். பொறாமையாகத்தான் இருந்தது.

பாடத்தையும் அவர் அதிலேயே அனுப்புவார். நீளமான வீடியோ எல்லாம் கிடையாது. ஒரு கருத்தை எடுத்துக்கொண்டு குரல் பதிவாகப் பேசி அனுப்புவார். முட்டை பொறுக்கும் கைக்கு ஓய்வில்லை, ஆனால் காது சும்மாதானே இருக்கிறது என்பது அவர் கணக்கு. மல்லசமுத்திரத்திலிருந்து வரும் ஒரு பெண், கோழிகளின் சத்தத்துக்கு நடுவே அந்தப் பதிவைக் கேட்டுவிட்டுச் சந்தேகத்தையும் குரலாகவே அனுப்புவாள். பின்னால் ஆயிரம் கோழி கத்தும். அம்மையார் அந்தக் கோழிகளோடு சேர்த்தே அதை வகுப்பில் போட்டுக் காட்டி விளக்குவார். வகுப்பு சிரிக்கும், பாடமும் ஏறும்.

வினை அந்தப் பெண்ணிடமிருந்துதான் வந்தது.

அவள் விடுமுறை நாட்களில் மாமாவின் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை வடிவமைப்பவள். கை சும்மா இருக்குமா? புரட்டாசி கடைசிச் சனிக்கிழமை முடிந்த கையோடு, தன் கணிப்பை எழுத்தாகப் போடாமல் அழகான அட்டையாகச் செய்து போட்டாள். மேல் பாதியில் மஞ்சள் பின்னணி, ஒரு முட்டை, "நாளைய முட்டை விலை" என்று கொட்டை எழுத்து, கிடுகிடுவென ஏறிய ஒரு விலை. கீழ்ப் பாதியில் காரணம்: விரதம் முடிந்தது, கறிக்கடையும் முட்டைக்கடையும் நிறையும். அதற்கும் கீழே, "இது வகுப்புப் பயிற்சி." எல்லாம் முறையாகத்தான் இருந்தது.

அவளோடு படிக்கும் ஒரு பையன் பெருமைக்காக அதைத் தன் அப்பாவுக்கு அனுப்பினான். அப்பா பண்ணைக்காரர். கீழ்ப் பாதியில் இருந்த பொடி எழுத்து அவருக்கு வேண்டாத சமாசாரமாகத் தெரிந்திருக்கிறது. அதை வெட்டிவிட்டு மேல் பாதியை மட்டும் பண்ணைக்காரர்கள் குழுவில் போட்டுவிட்டார். இந்த ஊரில் முட்டை விலை என்று ஒரு படம் வந்தால் அதை வகுப்புப் பயிற்சி என்று யார் நினைப்பார்கள்?

மறுநாள் விலை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஆனால் படத்தைப் பார்த்த அன்றே, நாளைக்கு விலை ஏறப்போகிற முட்டையை இன்றைக்கு எதற்கு ஏற்றுவது என்று பல பண்ணைகளில் லோடை நிறுத்திவிட்டார்கள். வந்த லாரிகள் காலியாகத் திரும்பின. அடுத்த நாள் பிரின்சிபால் அறையில் வெள்ளை வேட்டிகள் நிறைந்துவிட்டன. என்னையும் அம்மையாரையும் உள்ளே கூப்பிட்டார்கள்.

எல்லோருக்கும் முன்னால் நின்றவர் கனத்த குரல்காரர், சுற்று வட்டாரத்தில் பெரிய பண்ணை அவருடையது. "ஏனுங்க, படிச்சவங்க நீங்களே இப்பிடிப் பண்ணலாமுங்களா? லாரி வந்து சும்மா திரும்பிப் போச்சுங்க. ஊடு முச்சூடும் முட்டையா அடுக்கி வெச்சுட்டு உக்காந்திருக்கறோம்" என்றார்.

பிரின்சிபால் நல்ல மனிதர். ஆனால் நாலு பேர் சத்தம் போட்டால் நல்ல மனிதர்களுக்குத்தான் முதலில் வியர்க்கும். "அந்தக் குரூப்பை இன்னிக்கே கலைச்சுடுங்க. மேடம் விஷயத்தை ஏப்ரல்ல பாத்துக்கலாம்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். ஏப்ரலில் பார்த்துக்கொள்ளலாம் என்றால் என்ன பொருள் என்று அந்த அறையில் இருந்த எங்கள் மூவருக்கும் தெரியும். எனக்குச் சுர்ரென்று ஏறியது. வாயைத் திறப்பதற்குள் அம்மையார் முந்திக்கொண்டார்.

"தப்புத்தானுங்க. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நீங்க அதை எப்பிடிங்க நம்புனீங்க?"

குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். அது அந்தப் பெரியவருக்கும் புரிந்திருக்க வேண்டும், குரல் கொஞ்சம் இறங்கியது.

"ஒருத்தர் சொன்னா நம்ப மாட்டனுங்க. பண்ணைக்காரங்க குரூப்புல வந்துச்சு, சரி பாக்கலாம்னு இருந்தேன். பொறவு எங்க கோயில் குரூப்புல வந்துச்சு. தீவனக் கடைக்காரர் அனுப்பினாரு. என்ற மச்சான் ரிக் வண்டியில சத்தீஸ்கர்ல போர்வெல் போட்டுட்டு இருக்கறான், அவனும் அனுப்பறான். சத்தீஸ்கர்ல இருக்கறவனுக்கே தெரிஞ்சிருக்குதுன்னா நெசமாத்தான இருக்கோணும்? நாலு பக்கமும் ஒண்ணையே சொன்னா யாருதானுங்க நம்ப மாட்டாங்க?"

எனக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்துவிட்டது. அம்மையாரைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. வேலை போகிற நேரத்தில் ஒரு மனுஷியின் முகம் அப்படிப் பிரகாசமாகி நான் பார்த்ததில்லை. பிரின்சிபாலிடம் திரும்பி, "இந்த வாரம் மட்டும் குரூப்பை விட்டு வையுங்க சார். செய்தி எந்த வழியா எல்லாம் போச்சோ, அதே வழியில திருத்தமும் போகோணும். அதுக்கு வழி தெரியோணும். அப்புறம் நானே கலைச்சுடறேங்க" என்றார். பெரியவரையும் வெள்ளிக்கிழமை வகுப்புக்கு வரச்சொன்னார்.

அன்றைக்கு மதியம் வகுப்பில் அட்டை செய்த பெண் கடைசி பெஞ்சில் அழுதுகொண்டிருந்தாள். அம்மையார் அவளைக் கூப்பிட்டுக் கையில் சாக்பீஸைக் கொடுத்தார். "நீதான் நல்லா வரைவியே. வா, வரை." கரும்பலகையின் மேலே ஒரு வட்டம், அதில் "நம் வகுப்பு." பிறகு ஒவ்வொரு மாணவரும் வீட்டில், உறவில், பக்கத்துப் பண்ணையில் கேட்டார்கள். உங்களுக்கு யார் அனுப்பினது, எத்தனை மணிக்கு, நீங்கள் யாருக்கு அனுப்பினீர்கள்? பதில்கள் அந்தக் குழுவிலேயே வந்து விழுந்தன. பதில் வர வர அந்தப் பெண் வட்டம் போட்டுக் கோடு இழுத்தாள். யார் பெயரும் போடக்கூடாது, பண்ணை, கடை, கோயில் என்று மட்டும் எழுதவேண்டும் என்பது அம்மையாரின் உத்தரவு. வாரக் கடைசிக்குள் பலகை ஆலமரம் விழுது விட்ட மாதிரி ஆகிவிட்டது. அதை அழிக்கக்கூடாது என்று துப்புரவு அம்மாவிடம் நானே சொல்லி வைத்தேன். என்னுடைய வகுப்புக்கு வேறு அறை தேடிக்கொண்டேன். முப்பது வருஷத்தில் என் பலகையை நான் இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்தது அப்போதுதான்.

வெள்ளிக்கிழமை பெரியவர் வந்தார். கூட இன்னும் சில பண்ணைக்காரர்கள். பிரின்சிபாலும் கதவோரம் நின்றார். அம்மையார் பலகையில் விரல் வைத்து மேலிருந்து சொல்லிக்கொண்டே வந்தார்.

"இங்க பண்ணைக்காரங்க குரூப்புக்கு வருது. அங்க ஒரு பண்ணைக்காரர் பாக்கறாரு. அவருக்குச் சந்தேகம். 'இது நெசமா?'ன்னு கேட்டு ரிக் வண்டியில இருக்கற சொந்தக்காரருக்கு அனுப்பறாரு. அந்தச் சொந்தக்காரர் கேள்வியை உட்டுப்போட்டு, படத்தை மட்டும் கோயில் குரூப்புல போட்டு, கேட்டவருக்கே திருப்பியும் அனுப்பறாரு. கோயில் குரூப்புல இருந்து தீவனக் கடைக்குப் போகுது. தீவனக் கடையில இருந்து..."

அவர் விரல் போய் நின்ற வட்டத்தைப் பெரியவர் உற்றுப் பார்த்தார். எழுந்து பலகைக்குப் பக்கத்தில் போனார். பொடி எழுத்தைப் படிக்கக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"ஏனுங்க மேடம், அந்த வட்டம் நாந்தானுங்களே?"

"பேர் போடலைங்க" என்றார் அம்மையார்.

"பேரு எதுக்குங்க, நாந்தான். மச்சானக் கேட்டதே மறந்துபோச்சுங்க. அப்ப நா கேட்ட கேள்வியே ஊரச் சுத்திட்டு வந்து எனக்குப் பதிலா நின்னுச்சுங்களா?" சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். அவரோடு வகுப்பே சிரித்தது. அட்டை செய்த பெண்ணும் சிரித்தாள். அவர் அவள் தலையில் கை வைத்து, "நீ அழுவாத சாமி. படம் நல்லாத்தான் இருந்துச்சு, அதான வம்பு" என்றார்.

நான் என் வகுப்புகளில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன், ஒரே இடத்திலிருந்து கிளம்பிய நாலு தகவலை நாலு சாட்சியாக எண்ணக்கூடாது என்று. மாணவர்கள் எழுதிக்கொண்டு தேர்விலும் எழுதினார்கள். ஒருவருக்கும் உறைத்ததில்லை. அந்த வெள்ளிக்கிழமை ஒரு வகுப்புக்கும் ஒரு ஊருக்கும் சேர்த்து உறைத்ததை என் கண்ணால் பார்த்தேன்.

திருத்தம் அதே வழியில் போனது. குழுவைக் கலைக்கச் சொல்லி யாரும் பிறகு பேசவில்லை. அம்மையாரும் மாணவர்களும் அந்த மரத்தை வைத்து ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். எந்தெந்த இடத்தில் காரணம் வெட்டப்பட்டது, எந்த இடத்தில் கேள்வி உதிர்ந்தது என்பதுதான் கட்டுரை. எங்கள் ஆசிரியர் அறையில் மின்விசிறிச் சத்தத்தை நிறுத்திவிட்டு, வேர்க்க வேர்க்க, மடிக்கணினி முன்னால் உட்கார்ந்து ஒரு இணையக் கருத்தரங்கில் அதைப் படித்தார். எங்கேயோ வெளிநாட்டில் இருக்கும் ஒரு பேராசிரியர் புரட்டாசி என்றால் என்ன என்று கேட்டார். அம்மையார் பொறுமையாக விளக்கினார். அந்தப் பேராசிரியர் குறிப்பெடுத்துக்கொண்டதைத் திரையில் பார்த்தபோது எனக்கு நானே படித்த மாதிரி நெஞ்சு நிமிர்ந்தது.

ஆனால் ஏப்ரல் வரத்தான் செய்தது. பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டு, போன வருஷம் புகார் வந்த ஆளைத் திரும்ப எடுக்க வேண்டாம் என்று நிர்வாகம் நினைக்கிறது, வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்றார். புகார் கொடுத்தவரே சிரித்துவிட்டுப் போனாரே என்று கத்தினேன். அந்தச் சிரிப்பு கோப்பில் இல்லையே என்றார். கத்துவது எனக்கு வரும், அதனால் காரியம் நடப்பது அபூர்வம். வெளியே வந்து இன்னொரு ஆசிரியரிடம் அதே குரலில் பொரிந்து தள்ளினேன். வராந்தாவில் மாணவர்கள் நின்றதை நான் கவனிக்கவில்லை.

அன்று சாயங்காலம் ஒரு செய்தி கிளம்பியது. மேலே, "எங்கள் புள்ளியியல் மேடம் அடுத்த ஆண்டும் எங்களுக்கு வேண்டும்." கீழே நீளமாகக் காரணங்கள். கடைசி வரி: "காரணத்தை வெட்டாமல் அனுப்பவும்." மரத்தின் வழியெல்லாம் அவர்களுக்கு இப்போது அத்துப்படி. பண்ணைக்காரர்கள் குழு, கோயில், தீவனக் கடை, சத்தீஸ்கர் ரிக் வண்டி என்று போய், சூரமங்கலத்தில் எங்கள் குடியிருப்பின் தண்ணீர் மோட்டார் குழுவிலும் அது வந்து நின்றபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வழக்கம்போல நான் யாருக்கும் அனுப்பவில்லை. பிரின்சிபாலுக்கு அந்தப் பண்ணைக்காரப் பெரியவர் அனுப்பியிருந்தார். மேச்சேரியில் இருக்கும் பிரின்சிபாலின் சொந்த அக்காவும் அனுப்பியிருந்தார்.

மறுநாள் எங்கள் இருவரையும் பிரின்சிபால் கூப்பிட்டார். முகத்தில் ஒரு நிம்மதி. "என்னம்மா இது, நாலா பக்கமும் இருந்து வந்து கொட்டுது? எனக்கும் ஒரு பிடி கெடைச்சுதுன்னு வெச்சுக்குங்க. ஊரே கேக்குதுன்னு நிர்வாகத்துக்கு எழுதிடறேன்" என்றார்.

நன்றி சார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வேறு ஒன்றுமே வேண்டாம். நான் எழுந்திருக்கவே தயாராகிவிட்டேன்.

"ஊரே கேக்கலைங்க சார்" என்றார் அம்மையார்.

மேசைக்கு அடியில் அவர் காலை மிதிக்கலாமா என்று நினைத்தேன். எட்டவில்லை.

"எல்லாம் ஒரே எடத்துல இருந்து கெளம்புனதுங்க. எம் பசங்க போட்டது, சுத்திச் சுத்தி வருது. உங்களுக்கு எத்தன பேர் அனுப்பியிருந்தாலும் கேக்கறது ஒரு வகுப்புத்தானுங்க. அதை நாலுன்னு எண்ணி எழுதிராதீங்க."

பிரின்சிபால் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தேன். பிறகு அவர் கைப்பேசியை எடுத்து, அந்தச் செய்தியைக் கீழே தள்ளி, அதுவரை படிக்காத பகுதியைப் படிக்க ஆரம்பித்தார். நீளமான செய்தி. ஒரு இடத்தில் மட்டும் வாய்விட்டுப் படித்தார். "எங்க அப்பா இப்பெல்லாம் எந்தச் செய்தி வந்தாலும் இது எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்கிறார். எங்க வீட்டில் புள்ளியியல் படிச்சது நான் மட்டும் இல்லை." முதலில் அந்த அட்டையின் கீழ்ப் பாதியை வெட்டியவரின் மகன் எழுதியது அது.

"சரி. ஊர் கேக்குதுன்னு எழுதலை. இந்தக் காரணத்தை எழுதறேன்" என்றார். நிர்வாகம் என்ன சொல்லுமோ தெரியாது என்றும் சொன்னார்.

வெளியே வராந்தாவுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். "ஏம்மா, கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கக் கூடாதா? தானா வர்ற சோத்துல மண்ணை அள்ளிப் போடுவாங்களா யாராவது?"

அவர் கைப்பையின் வாரை இறுகப் பிடித்திருந்தார்.

"அதே தப்புக்குப் போன பருவத்துல எம் பசங்களுக்கு மார்க் கொறைச்சிருக்கேனுங்க சார்" என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கென்ன வெட்கம்? இத்தனை வருஷம் சாக்பீஸ் பிடித்த கை, அந்த அம்மையாரைக் கும்பிடத்தான் நினைத்தது. பழக்கமில்லாததால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன்.

கல்லூரி திறப்பதற்கு முந்தின வாரம் உத்தரவு வந்தது. அவருக்கு இன்னும் ஓராண்டு. பிரின்சிபால் நிர்வாகத்துக்கு எழுதிய காரணம் முழுதும் அதில் இருந்தது. அதைப் படம் எடுத்து மாணவர்களின் குழுவுக்கும், பண்ணைக்காரப் பெரியவருக்கும், சூரமங்கலம் தண்ணீர் மோட்டார் குழுவுக்கும் அனுப்பினேன். அனுப்புவதற்கு முன் ஒரு ஓரமும் வெட்டுப்படவில்லையே என்று பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டேன். என் வாழ்நாளில் நான் ஒருவருக்கு அனுப்பிய முதல் செய்தி அதுதான்.